'மஸ்ட் ஹேவ்', 'ஷுட் ஹேவ்' இரண்டும் ஒன்றா? எதை எப்போது எழுதுவது?

ஆபீஸ் மெயிலில் எழுதி மாட்டிக்கொண்டுதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் கவலைப்படாதீர்கள், பாதித் தப்பு நம் தமிழுடையது.

மதுரை கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். சரக்கு இன்னும் வரவில்லையே என்று புனேக்காரர் ஒருவர் செவ்வாய்க்கிழமை மெயில் போட்டார். திங்கட்கிழமை நான் லீவு. 'நேற்றே அனுப்பியிருக்க வேண்டும்' என்று மனசுக்குள் தமிழில் ஓடியது. அதை அப்படியே 'வி ஷுட் ஹேவ் சென்ட் இட் எஸ்டர்டே' என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

நான் சொன்னது ஊகம். அவர் படித்தது, 'நேற்றே அனுப்பியிருக்கணும், அனுப்பாமல் விட்டுட்டோம்' என்ற ஒப்புதல் வாக்குமூலம்! சரக்கு திங்கட்கிழமையே லாரி ஏறியிருந்தது, லாரிக்காரர் கொடுக்கும் எல்.ஆர். ரசீதிலும் அந்தத் தேதிதான். ரசீதைத் தேடி எடுத்து அனுப்புவதற்குள் மீதி ஆர்டரை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார். "ஏப்பா, எம்.காம். படிச்சவன் எழுதுற இங்கிலீஷாப்பா இது?" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்டார். அதே முதலாளி தீபாவளி போனஸைக் கார்த்திகை வரை இழுப்பார், அதற்கு எந்த இலக்கணமும் கிடையாது. சரி, அது வேறு கதை.

'அனுப்பியிருக்க வேண்டும்' என்ற ஒரே தொடரில் நமக்கு இரண்டு அர்த்தம். பேச்சுத் தமிழில் போட்டுப் பாருங்கள், பிரிந்துவிடும். 'அனுப்பியிருப்பாங்க' என்று மாற்ற முடிந்தால் மஸ்ட் ஹேவ். 'அனுப்பியிருக்கணும்ல, ஏன் அனுப்பலை?' என்று சண்டை வாசம் அடித்தால் ஷுட் ஹேவ். 'அனுப்பியிருக்கலாம்' என்பதும் இதே வம்புதான். ஒருவேளை அனுப்பியிருப்பார்கள் என்றால் மே ஹேவ். முடிந்தும் அனுப்பவில்லை என்றால் குட் ஹேவ்.

'நேற்று பேங்குக்குப் போக வேண்டியிருந்தது, போனேன்' என்பதற்கு மஸ்ட் ஹேவ் போடாதீர்கள். அது 'ஹேட் டு கோ'. ஹேவ் பக்கத்தில் வினைச்சொல்லின் மூன்றாவது வடிவம்தான் வரும்; கோ, வென்ட், கான் என்பதில் கடைசி, 'மஸ்ட் ஹேவ் கான்'. 'மஸ்ட் ஹேவ் வென்ட்' என்று எங்கள் ஆபீசில் பாதிப் பேர் எழுதுவார்கள். 'ஷுட் ஆஃப்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஹேவைச் சுருக்கிச் சொல்லும்போது காதில் அப்படி விழுவதால் வருகிற பிழை அது. இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே நிறையப் பேர் அதை எழுதுகிறார்கள், எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

இலக்கணம் தெரிந்தவர்கள் கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம். 'இட் ஷுட் ஹேவ் அரைவ்ட் பை நவ்' என்றால் 'இந்நேரம் சேர்ந்திருக்கும்' என்ற எதிர்பார்ப்பாகவும் வரும், தெரியும். புதிதாகக் கற்பவரை முதல் நாளே அதில் இறக்கிக் குழப்ப வேண்டாம் என்றுதான் விட்டேன். நான் வாத்தியாரும் இல்லை, அடி வாங்கியவன்.

இப்போது வேறு கம்பெனி. யாராவது சரக்கு எங்கே என்று கேட்டால் எழுந்து போய் ரெஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, 'வி சென்ட் இட் ஆன் மண்டே' என்று எழுதிவிடுகிறேன்.