விசில் வேறு, வசவு வேறு

கேள்வி: அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கிறேன். எங்கள் கூடைப்பந்து அணி, மோர்மன் கிறிஸ்தவச் சபை நடத்தும் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தோடு மோதிய ஆட்டத்துக்கு நண்பர்களோடு போயிருந்தேன். கடைசி நிமிடத்தில் எங்களுக்கு எதிராக ஒரு ஃபவுல் கொடுத்தார்கள், தோற்றோம். உடனே மாணவர் பகுதி மொத்தமும் மோர்மன்களைக் கெட்ட வார்த்தையில் திட்டிக் கோஷம் போட்டது. என்னவென்று புரியாமல் முதல் இரண்டு தடவை நானும் சேர்ந்து கத்திவிட்டேன். என் அறைத்தோழன் அந்தச் சபையைச் சேர்ந்தவன். டிவியில் பார்த்திருக்கிறான், இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. நண்பர்களோ, "ரெஃப்ரி விலைபோய்விட்டான், ஆத்திரத்தில் கத்தினோம், இதில் மதம் எங்கே வந்தது?" என்கிறார்கள். ரெஃப்ரி ஓரவஞ்சனை செய்தாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கோஷத்தைப் பற்றிப் புகார் கொடுக்கலாமா? கொடுத்தால் விசாவுக்குச் சிக்கல் வருமா?

பதில்:

விசாக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடுப்பது எஃப்-1 என்ற மாணவர் விசாவின் விதி எதையும் மீறுவதாகாது. மனசு கேட்கவில்லையென்றால் வளாகத்திலிருக்கும் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

இனி விசில். நானும் பல வருஷம் கல்லூரி ஆட்டங்களுக்கு விசில் ஊதியவன். தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் ஒரு இறுதி ஆட்டம்: சிமெண்ட் தரை, விளக்கைச் சுற்றி ஈசல், கோட்டை ஒட்டி நாலு பக்கமும் கூட்டம். கிறிஸ்தவ நிர்வாகக் கல்லூரி ஒன்று, எதிரே உள்ளூர்க் கல்லூரி. கடைசி நொடிகளில் உள்ளூர்ப் பையன் பந்தோடு பாய்ந்தான், இடித்தான், நான் சார்ஜிங் கொடுத்தேன், அதாவது முன்பே இடம் பிடித்து நின்றவன்மேல் இவன் மோதினான் என்று ஃபவுல். அடுத்த நிமிடம் கூட்டத்திலிருந்து, "ஏய், நீ எந்தச் சர்ச்சுடா?" என்று கேட்டார்கள். காலையில் பூசிய விபூதி வியர்வையில் கரைந்து போயிருந்தது, பாவம், அவர்களுக்கு எப்படித் தெரியும்!

சொல்ல வந்தது அதற்கு அப்புறம் நடந்தது. அந்த விசில் தப்பு. தடுத்தவன் வழியில் இன்னும் இடம் பிடித்திருக்கவில்லை, அவன் கால் நகர்ந்துகொண்டிருந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக ஓட்டிப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. ஆனால் மறுநாள் போட்டிக் குழு விசாரித்ததெல்லாம் நாற்காலி வீசியவர்கள் யார், மதத்தைச் சொல்லித் திட்டியவர்கள் யார் என்பதைத்தான். பையனின் காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நியாயமான ஒரு புகாரை அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வாயாலேயே கெடுத்துக்கொண்டார்கள். உங்கள் நண்பர்களும் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஃபவுல் சரியா என்று பார்க்க வேண்டுமா? கிளிப்பை முதலில் சத்தத்தை அணைத்துவிட்டு, ஓட்டத்தைக் குறைக்காமல் சாதாரண வேகத்தில் பாருங்கள். ஸ்லோ மோஷன் பொய் சொல்லும். லேசான உரசல்கூட வேண்டுமென்றே செய்த தள்ளல் மாதிரி தெரியும். ரெஃப்ரிக்கு அந்த வேகம் கிடைக்கவில்லை, எனவே அவரைத் தீர்ப்பளிக்க அந்த வேகமும் உதவாது. அப்புறம் விசில் யாரிடமிருந்து வந்தது என்று பாருங்கள். கல்லூரி ஆட்டத்தில் மூன்று பேர் நிற்பார்கள்: ஒருவர் கூடைக்கு அடியில், ஒருவர் பக்கவாட்டில், ஒருவர் பின்னால். ஊதியவருக்கும் இடித்த இடத்துக்கும் நடுவே வேறு உடம்பு ஏதும் நின்றதா? அடுத்து, தடுத்தவனின் கையைப் பார்ப்பதற்கு முன் மார்பையும் காலையும் பாருங்கள். செங்குத்தாக எழும்பினானா, சாய்ந்தானா? கடைசியாக, இதே மாதிரி மோதலை முதல் பாதியில் என்ன செய்தார்கள்? அங்கே விட்டுவிட்டு இங்கே மட்டும் ஊதியிருந்தால் "சீரில்லாத நடுவர்" என்று சொல்லலாம். "விலைபோனவர்" என்று சொல்ல அது போதாது.

ஓரவஞ்சனையே கிடையாது என்று நான் சொல்லவில்லை. நடுவர்களிடம் நன்றாக ஆராயப்பட்ட ஒரு சாய்வு உண்டு. அதற்குக் காரணம் மதம் இல்லை, சத்தம். ஒரே ஆட்டக் காட்சிகளைச் சில நடுவர்களுக்குக் கூட்டத்தின் இரைச்சலோடும், வேறு சிலருக்கு இரைச்சல் இல்லாமலும் காட்டி ஆராய்ந்திருக்கிறார்கள். இரைச்சலோடு பார்த்தவர்கள் சொந்த ஊர் அணிக்கு எதிராகக் குறைவாகவே ஃபவுல் கொடுத்தார்கள். அதாவது நடுவரை இழுக்கும் விசை சொந்த மண்ணின் பக்கம்தான் இழுக்கும். நீங்கள் ஆடியது உங்கள் மண்ணில் என்றால், அந்த விசில் உங்கள் ஆயிரக்கணக்கான தொண்டைகளையும் மீறி வந்த விசில். இதை நண்பர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

இந்த வகையில் பேர்போன இரண்டு விசில்களும் அப்படி வந்தவைதான். 2024 நவம்பர் 9, சால்ட் லேக் சிட்டி, யூட்டாவின் சொந்த மைதானம். யூட்டா பல்கலைக்கழகமும் பிரிகம் யங்கும் மோதும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம், ஊரே "புனிதப் போர்" என்று அழைக்கும் மோதல். யூட்டா 21-19 என முன்னிலை. பிரிகம் யங்குக்குக் கடைசி வாய்ப்பான நான்காவது டவுன், அதுவும் தங்கள் கோல் கோட்டுக்குப் பக்கத்தில். பந்தை எறியும் வீரரான குவார்ட்டர்பேக்கைச் சாய்த்துவிட்டார்கள், ஆட்டம் முடிந்தது என்று யூட்டா குதிக்கும்போது தரையில் மஞ்சள் கொடி கிடந்தது. தடுப்பாட்டக்காரர் பந்து பிடிக்க ஓடியவரைப் பற்றி இழுத்தார் என்று ஹோல்டிங் கொடுத்திருந்தார்கள். அந்தத் தண்டனை பத்து கெஜத்தோடு புதிய முதல் டவுனையும், அதாவது மறுபடி நான்கு வாய்ப்புகளையும், சேர்த்துத் தரும். அங்கிருந்து ஏறிப்போய்க் கடைசி நொடிகளில் 44 கெஜத்திலிருந்து பந்தை உதைத்து மூன்று புள்ளி தரும் ஃபீல்டு கோல் அடித்து 22-21 என வென்றார்கள். யூட்டாவின் விளையாட்டுத் துறை இயக்குநர் மார்க் ஹார்லன் பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து, ஆட்டம் எங்களிடமிருந்து திருடப்பட்டது என்று பொரிந்தார். இரண்டு அணிகளும் ஆடும் பிக் 12 என்ற கல்லூரிக் கூட்டமைப்பு அவருக்கு 40,000 டாலர் அபராதம் போட்டது.

அடுத்தது 2025 பிப்ரவரி 22, டூசானில் அரிசோனாவின் சொந்த அரங்கத்தில் கூடைப்பந்து. கடைசி நொடிகளில் கொடுத்த ஃபவுலால் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் ரிச்சி சாண்டர்ஸ் போட்டார், பிரிகம் யங் 96-95. ஆட்டம் முடிந்ததும் மாணவர் பகுதியிலிருந்து நீங்கள் கேட்ட அதே கோஷம் எழுந்தது. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹார்லன் திட்டியது நடுவர்களை. அளவு மீறினார், அபராதம் கட்டினார், ஆனால் புகார் விசிலைப் பற்றியது. அதனால் அந்த ஹோல்டிங் சரியா தப்பா என்று இன்றுவரை ஜனங்கள் ஆற அமர வாதாடுகிறார்கள். டூசானிலோ மறுநாள் பேச்செல்லாம் கோஷத்தைப் பற்றியே. அந்த ஃபவுல் பின்னுக்குப் போய்விட்டது.

சரி, "ஆத்திரத்தில் வந்தது" என்ற சமாதானம்? அது நிற்காது. 2022 செப்டம்பரில் ஆரகனில் அதே கோஷம் எழுந்தது. அன்றைக்கு ஆரகன் 41-20 என்று தாராளமாக ஜெயித்த நாள். எந்த விசிலும் அவர்கள் வயிற்றில் அடிக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில், 2025 செப்டம்பரில் கொலராடோவில் என்று எதிரணி மாறுகிறது, ஸ்கோர் மாறுகிறது, கோஷம் மட்டும் வரி மாறாமல் வருகிறது. கொலராடோவுக்கு பிக் 12 போட்ட அபராதம் 50,000 டாலர். பழி சுமத்த விசில் இல்லாத ஊரிலும் கேட்கும் வசவை விசில் பெற்றது என்று எப்படிச் சொல்வது? வசவு முன்கூட்டியே தயாராக இருந்தது. விசில் அதற்கு ஒரு சாக்கு.

இன்னொன்று. அந்த வசவு யார்மேல் விழுகிறது என்று வசவிடுபவர்களுக்கே தெரியாது. 2024இல் அந்தக் கொடி விழுந்தபோது பிரிகம் யங்கின் குவார்ட்டர்பேக்காக இருந்த ஜேக் ரெட்ஸ்லாஃப் ஒரு யூதர். எதிர்ப்பக்கத்தில் யூட்டாவின் பயிற்சியாளர் கைல் விட்டிங்ஹாம் தன் இளமையில் பிரிகம் யங்குக்கு ஆடியவர், அந்தச் சபையைச் சேர்ந்தவர். யூட்டா அணியிலும் ரசிகர் கூட்டத்திலும் சபையினர் ஏராளம். மதக் கோட்டைக் கிழிக்க நினைத்தால் கோடு பெஞ்சுக்கு நடுவே ஓடும்.

அதற்காக அந்தச் சபையையோ கல்லூரியையோ விமர்சிக்கவே கூடாதா என்றால், தாராளமாகச் செய்யலாம். கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் கிடையாது என்ற விதியைச் சபை 1978 வரை வைத்திருந்தது. 1969 அக்டோபரில் வயோமிங் பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் கறுப்பின வீரர்கள் 14 பேர், பிரிகம் யங்கோடு ஆடும்போது கறுப்புப் பட்டை கட்ட விரும்பினார்கள். அனுமதி கேட்கப் போனார்கள், அவ்வளவுதான். பயிற்சியாளர் லாயிட் ஈட்டன், ஆட்டத்துக்கு முந்தைய நாள் 14 பேரையும் அணியிலிருந்தே நீக்கினார். அவர்கள் கேள்வி ஒரு விதியைப் பற்றியது. அதற்கு ஐம்பது ஆண்டு கழித்து, 2019இல், வயோமிங் பல்கலைக்கழகம் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது. பிற்பாடு அந்த வீரர்களும் சபையும் சேர்ந்து ஏழைகளுக்கு உணவுப்பொருள் வழங்கினார்கள். விதியை எதிர்த்தவர்களோடு பிற்காலத்தில் ஒரே மேசையில் உட்கார முடிந்தது. "மோர்மன்கள் ஒழிக" என்ற ரகத்தில் கத்துகிறவனிடம் பேச அந்தப் பக்கத்துக்கு என்ன இருக்கிறது?

(போகிற போக்கில்: 2018இலிருந்து "மோர்மன்" என்று அழைக்க வேண்டாம், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்ற முழுப்பெயரையே சொல்லுங்கள் என்று சபைத் தலைமை கேட்டுவருகிறது. அது வசைச்சொல் இல்லை. ஆனாலும் அறைத்தோழனிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்வதில் குறைந்துபோக ஒன்றுமில்லை.)

புகாருக்கு வருவோம். இரண்டு தாள், தனித்தனியாக. ஃபவுலைப் பற்றிய தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்பது என் கருத்து. அதை உங்கள் பயிற்சியாளரும் விளையாட்டுத் துறையும் கூட்டமைப்பின் நடுவர் பிரிவுக்கு அனுப்புவார்கள், ரசிகர் கடிதத்துக்கு அங்கே வேலையில்லை. சாதாரண ஃபவுல் சரியா என்பது ஆட்டத்தின்போதே ரீப்ளேவில் திருத்தக்கூடிய விஷயமும் அல்ல.

கோஷத்தைப் பற்றிய தாளை விளையாட்டுத் துறைக்கும் மாணவர் நல அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். தேதி, நீங்கள் நின்ற பகுதியின் எண், கடிகாரத்தில் எவ்வளவு மீதி இருந்தது, என்ன வார்த்தை, எத்தனை தடவை, காவலர்கள் என்ன செய்தார்கள். விசில் பற்றி ஒரு வரியும் வேண்டாம். "நானும் இரண்டு தடவை கத்தினேன்" என்பதை எழுதுங்கள். கூச்சமாக இருக்கும், ஆனால் அந்த ஒரு வரிக்குத்தான் தாளை நம்புவார்கள்.

என்ன நடக்கும் என்று அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் தலைப்பு, அரசுப் பணம் பெறும் கல்லூரிகளில் இனம், நிறம், பூர்விகம் ஆகியவற்றால் வரும் பாகுபாட்டைத் தடுக்கிறது. மதம் என்ற சொல் அதில் இல்லை. மேலும் உங்களுடையது அரசுப் பல்கலைக்கழகம், பேச்சுரிமைச் சட்டம் அதைக் கட்டும். கோஷத்தின் கருத்துக்காக மாணவர்மேல் நடவடிக்கை எடுப்பது சிரமம். ஆனால் செய்யக்கூடியது உண்டு: ஒலிபெருக்கியில் உடனே எச்சரிக்க, மாணவர் பகுதியின் தலைவர்களை முன்னால் நிறுத்த, அரங்க நடத்தை விதியை மீறுகிறவர்களை வெளியேற்ற, பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க. இந்த நான்கில் எது வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று மனு எழுதும் நம் ஊர்ப் பழக்கம் அங்கே செல்லாது.

கோஷம் போட்டவர்களின் முகத்தை வட்டமிட்டு இணையத்தில் போடாதீர்கள். 2022 ஆகஸ்டில் பிரிகம் யங்கின் சொந்த வளாகத்திலேயே, வாலிபால் ஆட்டத்தில் இனவெறிச் சொல் கேட்டது என்று ட்யூக் வீராங்கனை ஒருவர் சொன்னார். கல்லூரி அவசர அவசரமாக ஒரு பார்வையாளருக்குத் தடை போட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் பேசி, ஒளிப்பதிவுகளையும் ஒலிப்பதிவுகளையும் அலசியபின், உறுதிப்படுத்தும் ஆதாரம் கிடைக்கவில்லை என்று தடையை நீக்கியது. வீராங்கனை பொய் சொன்னார் என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனால் அந்தப் பார்வையாளர் இரண்டு வாரம் ஊர் வாயில் கிடந்தார். பதிவு இருந்தால் அலுவலகத்திடம் கொடுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

அறைத்தோழனிடம் இன்றைக்கே பேசுங்கள் தம்பி. தாளுக்குப் பதில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். "புரியாமல் இரண்டு தடவை கத்தினேன், புரிந்ததும் நிறுத்தினேன், மன்னிச்சுக்கோ." இந்த மூன்றும் போதும். "ஆனால் அந்த ரெஃப்ரி…" என்று நான்காவது வாக்கியம் வாயில் வரும், விழுங்கிவிடுங்கள். கூடைப்பந்து பார்க்கிற பையன் என்கிறீர்கள், ஒரு வாரத்தில் அவனே அந்த ஃபவுலைப் பற்றிப் பேச்செடுப்பான். அப்போது கிளிப்பைப் போட்டு, சத்தத்தை அணைத்துவிட்டு, இரண்டு பேரும் தாராளமாகச் சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.