நாற்றுப் பையில் கரி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகாகனி, வேங்கை நாற்றுகளை 5×8 அங்குலப் பையில், செம்மண் 2, மணல் 1, தொழு உரம் 1 என்ற கலவையில் வளர்க்கிறேன். சல்லிவேர் போதவில்லை, நடப் பையைக் கிழித்தால் மண்கட்டி உதிர்ந்துவிடுகிறது. பயோசார் எனும் உயிர்க்கரி (காற்று அதிகம் படாமல் சுட்டு, மண்ணில் கலக்கும் கரி) உதவுமா?

பதில்: உதவும், ஆனால் அதை உரக் கணக்கில் சேர்க்காதீர்கள். மரக்கரியில் கன்றுக்குக் கிடைக்கும் தழைச்சத்து இல்லை என்றே சொல்லலாம். அதன் நுண்துளைகள் ஈரத்தையும் சத்தையும் பிடித்துவைக்கும். செம்மண் இறுகாமல் காற்றுக்கு இடம் விடும். ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைத்தால்தான் சல்லிவேர் கிளைக்கும்.

கொள்ளளவில் 10 சதவீதம் போதும். பத்துச் சட்டிக் கலவைக்கு செம்மண் 5, மணல் 2, தொழு உரம் 2, கரி 1. உங்கள் பை முக்கால் லிட்டர் போலப் பிடிக்கும். 1000 பைக்கு 75–80 லிட்டர், அதாவது சுமார் 20 கிலோ கரி தேவை. சீமைக்கருவேலங்கரி நன்றாகவே இருக்கும். கையில் தேய்த்துப் பாருங்கள். வெறும் தண்ணீரில் கறை போனால் சரி. பிசுபிசுவென ஒட்டினால் அரைகுறையாக வெந்த கரி. அதிலுள்ள தார் இளவேரைக் கருக்கும்.

கரியை நனைத்தே உடையுங்கள், தூசி மூச்சுக்கு ஆகாது. 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவில் சலித்துக்கொள்ளுங்கள். மாவாகப் பொடித்தால் மண் இடுக்குகளை அடைத்து, பையின் அடியில் நீர் தேங்கும்.

இனிதான் முக்கியமான வேலை. வெறும் கரியை அப்படியே பையில் போடக்கூடாது. கணக்கிலுள்ள இரண்டு சட்டி தொழு உரத்தில் ஒன்றை எடுத்து, கரியோடு சரிபாதியாகக் கலந்து, பத்து மடங்கு நீர் சேர்த்த கோமியத்தைத் தெளித்து நிழலில் குவித்து ஊறப்போடுங்கள். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. வாரம் ஒருமுறை கிளறி, மூன்று வாரம் கழித்து மற்றவற்றோடு கலக்கலாம். வேர் உட்பூசணத்தையும் (வேரோடு சேர்ந்து வளர்ந்து சத்தை எடுத்துத்தரும் நன்மைப் பூஞ்சை) அப்போதே சேருங்கள்.

கேள்வி: கரி கலந்த பைகளில் கன்றுகள் வெளுக்கின்றன. ஏன்?

பதில்: எந்த இலை என்று பாருங்கள். அடி இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. ஊறப்போடாத கரி அதைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. 10 லிட்டர் நீருக்கு 20 கிராம் யூரியா கரைத்து, வாரம் ஒருமுறை, மண் ஈரமாக இருக்கும்போது ஊற்றுங்கள்.

குருத்திலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. மரக்கரி பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது; காரம் கூடினால் மண்ணிலுள்ள இரும்பு வேருக்குக் கிடைக்காது. சாம்பல் கலந்திருந்தால் இன்னும் மோசம். லிட்டருக்கு 3 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் தெளிக்கலாம். ஆனால் கலவையிலுள்ள காரம் அதனால் போகாது. அடுத்த முறை கரியை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டு ஊறப்போடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் ஏற்கெனவே உப்பாக இருந்தால் கரி 5 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம். அமில மண்ணுள்ள நீலகிரி போன்ற இடங்களில் இதே காரம் நன்மையாகிவிடும்.

கேள்வி: அரிசி ஆலைச் சாம்பல் இலவசமாகக் கிடைக்கிறது. கரிக்குப் பதில் போடலாமா?

பதில்: கறுப்பாக, உமியின் வடிவம் குலையாமல் இருந்தால் அது கருக்கிய உமி; பயன்படுத்தலாம். சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டால் கரிமம் எரிந்துபோய் மணல்சத்தான சிலிக்காதான் மிச்சம். அதற்கு லாரி வாடகை தண்டம்.

கேள்வி: கரி சேர்த்தால் ஆணிவேர் பைக்குள் சுருள்வது நிற்குமா?

பதில்: நிற்காது. வேர் செழித்தால் சுருளும் வேகம் கூடவும் செய்யும். பைகளை மாதம் ஒருமுறை இடம் மாற்றி, அடியில் வெளியே வந்த வேரை நறுக்குங்கள். வேர்க்குப்பியில் (அடியில் துளையுள்ள பிளாஸ்டிக் குப்பி) வளர்ப்பதானால் வலைமேடையில் தரைக்கு ஓர் அடி உயரத்தில் வையுங்கள்; துளைவழி வரும் நுனி காற்றுப்பட்டுத் தானே காயும், மேலே பக்கவேர் பிரியும். ஏற்கெனவே சுருண்ட கன்றுக்கு, நடும்போது மண்கட்டியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மூன்று இடங்களில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கத்தியால் கீறிவிட்டு நட்டு, உடனே நீர் விடுங்கள்.