எலுமிச்சம்பழம் விழுந்த இடம்

வணக்கம் சார்,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன். லீவு நாளிலும் இரண்டு மணிக்கு முன்னால் தூக்கம் வராது. அப்படித்தான் வெளிநாட்டுப் பேய்ப்படங்கள் பார்க்க ஆரம்பித்தேன். ஜப்பான், கொரியா, தாய்லாந்து, ஈரான் என்று இந்த இரண்டு வருடத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். ‘காசு குடுத்து பயப்படுறவன் நீ ஒருத்தன்தான்டா’ என்று அம்மா கிண்டல் செய்கிறார்.

எனக்கு மூன்று சந்தேகம். நம்மூர்ப் பேய்ப்படம் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. ஜப்பான் பேயைப் பார்த்தால் பாத்ரூம் போகக்கூட பயமாக இருக்கிறது. பாஷையும் தெரியாது, ஊரும் தெரியாது, அப்புறம் ஏன் பயம்? இரண்டாவது, ‘நாங் நாக்’ என்ற தாய்லாந்துப் படம் பார்த்தேன். பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அப்படியானால் அது பேய்ப்படமே இல்லை என்கிறான் நண்பன். மூன்றாவது, டப்பிங்கில் பார்க்கலாமா, சப்டைட்டிலில் பார்க்க வேண்டுமா? என் இங்கிலீஷ் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும்.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் வழி அதற்குள்ளேயே இருக்கிறது.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு. பிரா கனோங் என்ற ஊர். இன்று அது பாங்காக் நகரத்துக்குள் இருக்கிறது, அன்று கால்வாய்க் கரைக் கிராமம். கர்ப்பிணி மனைவி நாக்கை விட்டுவிட்டு மாக் போருக்குப் போகிறான். காயம்பட்டு, பிழைத்து, ஊர் திரும்புகிறான். மனைவி கைக்குழந்தையோடு காத்திருக்கிறாள். சமைத்துப் போடுகிறாள், பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள். ஊர்க்காரர்கள் மட்டும் அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. தாயும் பிள்ளையும் பிரசவத்திலேயே செத்துப்போனது ஊருக்கே தெரியும். மாக்குக்கு மட்டும் தெரியாது.

அவனுக்குத் தெரியவரும் இடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மரக்கால்கள்மேல் நிற்கும் வீடு. மேலே நாக் சமையல் வேலையாக இருக்கிறாள். எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு, பலகை இடுக்கு வழியாகக் கீழே விழுகிறது. அவள் படியிறங்கி வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கை நீள்கிறது. தரைவரைக்கும் வந்து, பழத்தை எடுத்துக்கொண்டு, மேலே போய்விடுகிறது. நம் வீடுகளில் எலுமிச்சம்பழம் பேயை விரட்டுவதற்கு. அங்கே அதுவே பேயைக் காட்டிக்கொடுக்கிறது.

இந்தப் பழம் விழப்போகிறது என்று தாய்லாந்தில் டிக்கெட் வாங்கியவர்களுக்கெல்லாம் முன்பே தெரியும். நமக்கு நல்லதங்காள் கதை எப்படியோ அவர்களுக்கு இது அப்படி. 1999-இல் இதை எடுத்த நொன்ஸி நிமிபுத், அவள் செத்ததை மறைத்து வைக்க மெனக்கெடவே இல்லை. ஆகவே ரசிகர்கள் எல்லோரும் ஊர்க்காரர்களாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘அவ செத்துட்டாடா’ என்று மாக்கிடம் சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. நாங் நாக் உங்களையும் அந்த ஊர்க்காரர்களோடு உட்கார வைத்துவிட்டது. எல்லாம் தெரிந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு எங்கிருந்து பயம் வரும்? அழுகைதான் வரும்.

எங்கள் ஊருக்குப் போகும் வழியில் ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. இரண்டு கல் தூண், மேலே குறுக்காக ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவார்கள். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காக நட்ட கல் அது. இறக்க முடியாமல் போன அவள் சுமைக்கு ஈடாக, வழிப்போக்கர்கள் சுமையை இறக்க ஓர் இடம். சின்ன வயதில் அதன்மேல் ஏறி உட்கார்ந்ததற்குப் பாட்டி அடித்திருக்கிறாள். நாங் நாக் பார்த்த இரவு எனக்கு அந்தக் கல்தான் நினைவுக்கு வந்தது.

பாங்காக்கில் வாட் மகாபுத் என்ற விகாரையில் நாக்குக்கு ஒரு சன்னிதி இருக்கிறது. பட்டுத் துணி, குழந்தைக்குப் பொம்மை என்று கொண்டுவந்து வைக்கிறார்கள். அவளுக்குப் பொழுது போக வேண்டுமே என்று ஒரு டிவிகூட உண்டு. தாய்லாந்தில் இளைஞர்களைக் குலுக்கல் முறையில் ராணுவத்துக்கு எடுக்கிறார்கள். சீட்டு தன் மேல் விழக் கூடாது என்று அவளிடம் வேண்டிக்கொள்கிறவர்கள் உண்டு. புருஷனைப் போர் பிரித்துக்கொண்டு போனதை அவள் மறந்திருக்க மாட்டாள் அல்லவா. உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். டிவி வைத்துக் கொடுக்கப்பட்ட ஒருத்தியைப் பேய் இல்லை என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

சரி, ஜப்பானுக்கு வருவோம். ஜப்பான் பேய் என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் ‘ரிங்கு’வின் சடாகோவாகத்தான் இருக்கும். ஹிடியோ நகாட்டா 1998-இல் எடுத்தது. மர்மமான ஒரு வீடியோ டேப்பைப் பார்த்தவர்கள் ஏழாவது நாளில் செத்துப்போகிறார்கள். இந்தப் படத்தோடு எனக்கு ஒரு பழைய வெட்கக்கேடு உண்டு. முடிவைச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

விசிடி காலம். எனக்குக் கிடைத்த பிரதியில் இரண்டாவது டிஸ்க் கடைசிக் கால் மணி நேரத்தில் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிட்டது. துணியால் துடைத்தேன், பேஸ்ட் தடவித் தேய்த்தேன், நகரவில்லை. அது நின்ற இடம்தான் வேடிக்கை. நாயகி கிணற்றுக்குள் இறங்கி, தண்ணீரை வாளி வாளியாக இறைத்து, சடாகோவின் எலும்பைக் கண்டெடுத்துவிட்டாள். மண்டையோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள். கெடு தாண்டிவிட்டது, அவள் சாகவில்லை. எனக்கும் திருப்தி. எலும்பு கிடைத்தாயிற்று, இனிக் காரியம் செய்வார்கள், ஆத்மா அடங்கிவிடும், வேறென்ன வேண்டும்? ஒரு வருடம் போல அதுதான் முடிவு என்று நினைத்திருந்தேன். ‘நல்ல படம், ஆனா கொஞ்சம் சோகம்’ என்று நாலு பேரிடம் சிபாரிசு வேறு செய்தேன். பார்த்துவிட்டு வந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

பிறகு வேறு பிரதியில் அந்தக் கால் மணி நேரத்தைப் பார்த்தேன். மறுநாள், நல்ல வெளிச்சம். டிவி தானாக உயிர் பெறுகிறது. அதில் தெரியும் கிணற்றிலிருந்து சடாகோ ஏறுகிறாள், நடக்கிறாள், திரையைத் தாண்டி இந்தப் பக்கமும் வந்துவிடுகிறாள். அந்த நடையில் ஒரு கோணல் இருக்கும், கவனித்திருப்பீர்கள். நடிகையைப் பின்பக்கமாக நடக்கவிட்டுப் படம்பிடித்து, ஃபிலிமைப் பின்னோக்கி ஓட்டியிருக்கிறார்கள். கால் முன்னால் வருகிறது, உடம்பின் கனம் பின்னால் போகிறது. ஆனால் எனக்கு வயிறு கலங்கியது அதனால் இல்லை. எலும்பைக் கண்டுபிடித்த பிறகும் அவள் அடங்கவில்லையே! நம் பேய்களுக்கு ஒரு கணக்கு உண்டு. பழையனூர் நீலி தன்னைக் கொன்றவனைத் தேடித்தான் வந்தாள். கணக்குத் தீர்ந்தால் பீடம் கட்டிக் கும்பிட்டுவிடலாம். சடாகோவிடம் கணக்கே கிடையாது, டேப்பைப் பார்த்தவர் நல்லவரா கெட்டவரா என்று அவள் கேட்பதில்லை. பிழைக்க ஒரே வழி அதைப் பிரதி எடுத்து இன்னொருவர் தலையில் கட்டுவது. ஒரு வருடமாக என் வீட்டுக் கணக்கை அடுத்த வீட்டுப் பேய்க்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் படத்தில் நான் ஊர்க்காரன் இல்லை, மாக்.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். வெளிநாட்டுப் பேய்ப்படம் பெரும்பாலும் நம்மை மாக்கின் இடத்தில் உட்கார வைக்கிறது. ஜப்பானியர்களுக்குச் சடாகோ அவ்வளவு அந்நியம் இல்லை. வெள்ளை உடுப்பு அங்கே பிணத்துக்கு உடுத்துவது. அவிழ்ந்த கூந்தல் கபுகி என்ற அவர்களுடைய பழைய நாடக மேடையில் காலகாலமாகப் பார்த்தது. கிணறும் பழைய கிணறுதான். ஹிமேஜி கோட்டையில் ஒக்கிகுவின் கிணறு என்று இன்றும் ஒன்றைக் காட்டுகிறார்கள். பத்துத் தட்டில் ஒன்று காணோம் என்று கொல்லப்பட்டு, ராத்திரியில் ஒன்பதுவரை எண்ணிவிட்டு அலறும் வேலைக்காரப் பெண் அவள். தெரிந்த பேய் டிவிக்குள்ளிருந்து வருகிறதே என்பது அவர்களுடைய திகில். நமக்கு அவள் தலை முதல் கால் வரை புதிது. நம் சினிமாப் பேய்களோ இடைவேளைக்குப் பிறகு ஃபிளாஷ்பேக் சொல்லி, வில்லனை முடித்துவிட்டு, டாட்டா காட்டிப் போய்விடுகின்றன. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கும் அளவுக்குப் பழகிவிட்டன. நீங்கள் சிரிப்பதில் தப்பில்லை.

இதே காரணத்தால், பயப்பட வேண்டிய இடத்தைத் தவறவிடுவதும் உண்டு. ஈரான் என்று எழுதியிருக்கிறீர்கள், ‘அண்டர் த ஷாடோ’வாக இருக்க வேண்டும். 2016-இல் வந்தது. இயக்குநர் பாபக் அன்வாரி தெஹ்ரானில் பிறந்து லண்டனில் வாழ்கிறவர். பாரசீகம் பேசும் இந்தப் படத்தை எடுத்தது ஜோர்டானில், ஆஸ்கருக்கு அனுப்பியது பிரிட்டன். ஈராக்கின் ஏவுகணைகள் தெஹ்ரான்மேல் விழுந்துகொண்டிருந்த காலத்துக் கதை. வெடிக்காத ஒரு குண்டு அடுக்குமாடிக் கூரையில் இறங்க, அந்த வழியாக ஜின் உள்ளே வந்துவிடுகிறது. ஒரு ராத்திரி தாய் பயந்துபோய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடுகிறாள். நான் ‘அப்பாடா’ என்று மூச்சுவிட்டேன். பேயிடமிருந்து தப்பித்தாயிற்றே. அவள் தலையில் முக்காடு இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ரோந்துக்காரர்கள் பிடித்துக்கொண்டு போகிறார்கள். தெஹ்ரானில் வளர்ந்த ஒரு பெண் இந்தப் படத்தைப் பார்த்தால், வாசல் கதவு திறக்கும்போதே கையைப் பிசைய ஆரம்பித்திருப்பாள். வீட்டுக்குள் ஜின், வெளியே அவர்கள். நான் பாதிப் பயத்தைத்தான் பார்த்தேன் என்று இரண்டாம் தடவைதான் புரிந்தது. அதற்குப் பிறகு ஜின் முக்காட்டுத் துணியாகவே வந்து நிற்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது.

சில பேய்கள் பாதி உறவுக்காரர்களாகவும் இருக்கும். மலாய்க்காரர்களின் பொந்தியானாக், பிரசவத்தில் செத்த பெண்ணின் பேய். பிடரியில் ஆணி அறைந்தால் அழகான பெண்ணாகிக் குடும்பம் நடத்துவாள், ஆணியைப் பிடுங்கினால் போச்சு. கோடாங்கி பேயாட்டி முடித்ததும் உச்சிமயிரைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது எப்படி வெளியூர்க் கதையாகும்? 1957-இல் சிங்கப்பூரில் ‘பொந்தியானாக்’ படத்தை இயக்கியவரும் இந்தியாவிலிருந்து போன பி. என். ராவ்தான், மரியா மெனாடோ நடித்தது. பார்க்கலாம் என்று தேடாதீர்கள், அதன் பிரதிகள் அழிந்துபோய்விட்டன.

டப்பிங் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். டப்பிங்கில் குரல் மட்டும் மாறுவதில்லை. அந்த அறையின் காற்று, தூரத்து நாய், நடிகரின் மூச்சு எல்லாவற்றின்மேலும் ஏசி ஸ்டுடியோ ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. பேய்ப்படத்துக்கு உயிரே அந்த மூச்சுதான். இங்கிலீஷ் மெதுவாக ஓடினால் நிறுத்தி நிறுத்திப் படியுங்கள், குடி ஒன்றும் முழுகாது. எப்படியும் பேய் வரும்போது வசனம் இருக்காது. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு மசாகி கோபயாஷியின் ‘குவைதான்’ பாருங்கள். 1964 படம், நான்கு கதை, மூன்று மணி நேரம். மூன்றாவதில், செத்த போர்வீரர்களுக்கு முன்னால் பார்வையற்ற ஹோய்ச்சி தந்தி மீட்டிப் பாடுவான். அவனைக் காப்பாற்ற உடம்பெல்லாம் மந்திரம் எழுதியவர்கள் காதில் எழுத மறந்துவிடுகிறார்கள். மேலே சொல்ல மாட்டேன். தயவுசெய்து ஒன்றரை மடங்கு வேகத்தில் மட்டும் ஓட்டாதீர்கள்.

கிண்டல் செய்கிற உங்கள் அம்மாவை ஒருநாள் பக்கத்தில் உட்கார வைத்து நாங் நாக் போடுங்கள். சப்டைட்டிலை நீங்களே தமிழில் சொல்லிக்கொண்டு வாருங்கள், எலுமிச்சம்பழம் உருளும் இடத்தில் மட்டும் வாயைத் திறக்காதீர்கள். அப்போது அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.