தாமிரபரணிக்கு மாடல் போடும்போது மனிதர்களை எங்கே வைப்பது?

கேள்வி: பாளையங்கோட்டையில் படிக்கும் மாணவர்கள் நாங்கள். பாபநாசம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை ஏழு இடங்களில் ஓராண்டாகத் தண்ணீர் எடுத்துச் சோதித்திருக்கிறோம். எங்கே கெட்டிருக்கிறது என்று தெரிகிறது. யாரால் எவ்வளவு கெடுகிறது, எதை மாற்றினால் எவ்வளவு தேறும் என்று சொல்லத் தெரியவில்லை. கணினியில் ஒரு மாடல் போட நினைக்கிறோம். மக்களையும் மாநகராட்சி, நீர்வளத் துறை போன்ற அமைப்புகளையும் அதில் எப்படிச் சேர்ப்பது? எந்த மென்பொருள் நல்லது?

பதில்: மென்பொருளைக் கடைசியில் பார்ப்போம். முதலில் ஒரு சொல் ஒழுங்கு. ‘மாதிரி’ என்றால் பாட்டிலில் எடுத்த தண்ணீரும் ஆகும், கணக்குப் படமும் ஆகும். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் குழுவுக்குள்ளேயே குழப்பம் வரும். பாட்டிலில் இருப்பது மாதிரி, கணக்கு மாடல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றின் தரத்தை யார் தொட்டாலும் இரண்டு வழியாகத்தான் தொடுகிறார்கள்: ஓடும் தண்ணீரின் அளவை மாற்றுகிறார்கள், அல்லது அதில் சேரும் கழிவின் அளவை மாற்றுகிறார்கள். பெரும்பாலான மாணவர் திட்டங்கள் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொள்கின்றன. மக்கள்தொகையைத் தலைக்கு இத்தனை கிராம் என்று பெருக்கி ‘மனிதத் தாக்கம்’ என்று எழுதிவிடுகின்றன. மனிதர்கள் அதில் ஒரு மாறாத எண்ணாக உட்கார்ந்துவிடுகிறார்கள். மாடலுக்குத் தேவை அவர்களுடைய முடிவு: யார், எதைப் பார்த்து, எதை மாற்றுகிறார், அது ஆற்றுக்கு வர எத்தனை நாள் ஆகிறது. ஒவ்வொரு தரப்புக்கும் இந்த நான்கையும் ஒரே வரியில் எழுத முடியாவிட்டால் அந்தத் தரப்பை இப்போதைக்கு மாடலில் சேர்க்க வேண்டாம்.

தண்ணீரின் அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 10,000 பேரின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் ஓர் ஓடை வழியாக ஆற்றில் சேர்கிறது என்று வையுங்கள். பிஓடி என்பது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு. தலைக்கு நாளொன்றுக்கு 27 கிராம் பிஓடி என்றால் 270 கிலோ. நம்மூர்க் கனஅடியில் கணக்கு எளிது: நாளொன்றின் பிஓடி கிலோவை, விநாடிக்கு ஓடும் கனஅடி பெருக்கல் 2.447 ஆல் வகுத்தால், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கூடும் என்று வந்துவிடும். ஆற்றில் விநாடிக்கு 500 கனஅடி ஓடினால் 0.22 கூடும். 100 கனஅடியில் 1.1. 40 கனஅடியில் 2.76. குளிக்கத் தகுந்த தண்ணீருக்கு வரம்பு 3. அதே மக்கள், அதே ஓடை. மேலே மடையைத் திறந்தவரும் மூடியவரும்தான் வேறு.

ஆனால் இதை வைத்துக்கொண்டு ‘தண்ணீர் விட்டால் எல்லாம் சரியாகும்’ என்று எழுதிவிடாதீர்கள். அதே ஓடையின் மலக்கோலிஃபார்மை, அதாவது மலத்திலிருந்து வரும் கிருமிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். தலைக்கு 100 லிட்டர் என்றால் நாளுக்கு 10 லட்சம் லிட்டர், அதாவது விநாடிக்கு 0.41 கனஅடி. சுத்திகரிக்காத கழிவுநீரில் 100 மில்லிலிட்டருக்கு ஒரு கோடி வரை இருக்கலாம். 500 கனஅடியில் கலந்தாலும் 8,000க்கு மேல் நிற்கும். குளிக்க அனுமதிக்கும் உச்சவரம்பு 2,500, விரும்பத்தக்கது 500. பிஓடி மங்கும் இடத்தில் கிருமி மங்காது. இரண்டையும் சேர்த்து ஒரே ‘தரக் குறியீட்டு எண்’ ஆக்கினால் இந்த வேறுபாடே மறைந்துபோகும். அந்தக் குறியீடுகளைச் சுவரொட்டிக்கு வைத்துக்கொள்ளலாம், மாடலுக்கு வேண்டாம்.

மாடலில் ஆற்றை எங்கெங்கே துண்டுகளாக வெட்டுவது என்பதற்கு யோசிக்க வேண்டியதில்லை. நம் முன்னோரும், ஸ்ரீவைகுண்டத்தில் ஆங்கிலேயரும் வெட்டியே வைத்திருக்கிறார்கள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் ஆகிய எட்டு அணைக்கட்டுகளும்தான் உங்கள் துண்டுகளின் எல்லை. ஒவ்வொன்றிலும் கால்வாய்க்குத் தண்ணீர் பிரிகிறது, வயலில் பாய்ந்த மிச்சம் கீழே திரும்பி வருகிறது. கடனாநதி, சிவலப்பேரியில் சேரும் சிற்றாறு முதலியவை தனி வரவுகள். நாளிதழில் தினமும் வரும் பாபநாசம் அணை வெளியேற்றத்தை அப்படியே கீழே நெல்லை வண்ணார்பேட்டையின் ஓட்டமாக எடுத்துக்கொள்வதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் பெரிய தவறு. நடுவில் கால்வாய்கள் உண்டு, ஆற்றுப்படுகை உறைகிணறுகளிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் இறைப்பது உண்டு. கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களிலும் கால்வாய் திறப்பு வேறு. சித்திரை வெயிலில் வேறு.

அதனால் சுத்தமல்லிக்குக் கீழே ஓட்டத்தை நீங்களே அளந்து பாருங்கள். நேரான 20 மீட்டர் இடம், பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டில், நிறுத்தக் கடிகாரம் போதும். ஐந்து முறை மிதக்கவிட்டுச் சராசரி வேகத்தை 0.85 ஆல் பெருக்குங்கள். மேற்பரப்பு எப்போதும் அடியைவிட வேகமாக ஓடும். இரண்டு மீட்டருக்கு ஒரு முறை ஆழம் எடுத்தால் குறுக்குப் பரப்பு கிடைக்கும், அதை வேகத்தால் பெருக்கினால் ஓட்டம். பாபநாசத்தில் மின் உற்பத்தி நடப்பதால் ஒரே நாளில் ஓட்டம் ஏறி இறங்கலாம். காலை, மாலை இரண்டு முறை அளப்பது நல்லது.

இனி மனிதர்கள். அதிகப் பலன் தருவது பாதாளச் சாக்கடையின் பம்பிங் ஸ்டேஷன். சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு எவ்வளவு என்பது காகித எண். அங்கே போய்ச் சேரும் கழிவுநீர் எவ்வளவு என்பதே ஆற்றுக்குத் தெரியும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பம்பு ஓட்டப் பதிவேட்டையும் மின்கட்டண ரசீதையும் கேளுங்கள். பம்பு மணிக்கு 15 யூனிட் இழுக்கிறது, மாத ரசீதில் 6,000 யூனிட் என்றால் 400 மணி நேரம் ஓடியிருக்கிறது. நாளுக்கு 13 மணி. அதைப் பம்பின் மணிவாரி அளவால் பெருக்கினால் உண்மையில் ஏறிய கழிவுநீர் வரும். பதிவேடும் ரசீதும் முரண்பட்டால் ரசீதை நம்புங்கள். மாடல் விதி: மின்சாரம் நின்ற நேரம், பம்பிங் ஸ்டேஷனில் கழிவுநீர் சேரும் கிணறு தாங்கும் நேரத்தைத் தாண்டினால் மிச்சம் ஓடைக்கு. காலை ஆறு முதல் ஒன்பது வரை நின்றால் சேதம் அதிகம், அந்த நேரத்தில்தான் வரத்தும் உச்சம்.

அடுத்து கழிவுநீர் லாரி. 5,000 லிட்டர் தொட்டி, லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் பிஓடி என்றால் ஒரு நடை 25 கிலோ. சுமார் 900 பேரின் ஒரு நாள் கழிவு ஒரே இடத்தில், ஒரே மணி நேரத்தில். ஓட்டுநரின் முடிவை எளிய ஒப்பீடாக எழுதலாம். சுத்திகரிப்பு நிலையம் வரை போய்வர டீசல், காத்திருப்பு, கட்டணம் சேர்த்து 600 ரூபாய் கூடுதல் என்று வையுங்கள். அபராதம் 25,000, பிடிபடும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றால் எதிர்பார்க்கும் இழப்பு 250 ரூபாய்தான், ஓடையில் கொட்டுவார். வாய்ப்பு நூற்றில் மூன்றானால் 750, நிலையத்துக்குப் போவார். எண்கள் எடுத்துக்காட்டுக்கு, உங்கள் ஊர் எண்ணை ஓட்டுநர்களிடமே கேளுங்கள். ‘கொட்டுவீர்களா?’ என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். ‘நேற்றுக் கடைசி நடை எத்தனை மணிக்கு? அப்போது நிலையத்தின் கதவு திறந்திருந்ததா?’ என்று கேளுங்கள்.

நீர்வளத் துறையின் விதி அணை நீர்மட்டத்தையும் பாசனப் பருவத்தையும் பொறுத்தது. பாபநாசத்தின் முழு உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. பழைய தினசரி விவரத்தில் மட்டத்தையும் வெளியேற்றத்தையும் வரைந்தாலே விதி கண்ணுக்குத் தெரியும். வயல் கழிவுக்கு, யூரியா போட்ட பிறகான முதல் வாரத்தைத் தனியாகக் குறித்தால் இப்போதைக்குப் போதும். பாபநாசம் படித்துறையில் சடங்குக்குப் பிறகு ஆற்றில் விடும் துணிகளைப் பிஓடியாக மாற்ற முயலாதீர்கள். அது எடைக் கணக்கு, தனியாக எண்ணுங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை போன்ற கூட்ட நாட்களை மாதச் சராசரியில் கரைக்காமல் பஞ்சாங்கப்படி நாளாகவே உள்ளிடுங்கள்.

ஓராண்டு சோதனையை மறுபடி பாருங்கள். கரைந்த ஆக்சிஜனைப் பிற்பகலில் எடுத்திருந்தால் பாசி ஒளிச்சேர்க்கையால் எண் நன்றாகவே வந்திருக்கும். விடியலுக்கு முன் எடுத்தால்தான் தாழ்நிலை தெரியும். அமலைச் செடி (ஆகாயத்தாமரை) அடைத்த அணைக்கட்டுத் தேக்கங்களில் இது மிக முக்கியம். கோலிஃபார்ம் பாட்டில் கிருமி நீக்கியதாக, ஐஸில் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம் போயிருக்க வேண்டும். சராசரி எடுக்கும்போது மடக்கை எடுத்துப் பிறகு சராசரி. இல்லையென்றால் ஒரு மோசமான நாள் மொத்த ஆண்டையும் விழுங்கிவிடும்.

மென்பொருள்: ஆற்றுக்கு குவால்2கே, இலவசம், எக்செலில் ஓடும், அணைக்கட்டில் விழும் நீர் காற்றேறுவதையும் கணக்கில் எடுக்கும். முடிவெடுக்கும் தரப்புகளுக்கு நெட்லோகோ, அதுவும் இலவசம். இரண்டையும் நேரடியாக இணைக்க மெனக்கெடாதீர்கள். நெட்லோகோ நாள்வாரிக் கழிவுப் பட்டியலைத் தரட்டும், அதிலிருந்து மோசமான நாட்களைப் பொறுக்கி குவால்2கேயில் உள்ளிடுங்கள். முதல் மூன்று மாதம் வெறும் எக்செல் போதும்.

சரிபார்க்கும்போது ஒரு பொறி உண்டு. கணக்கும் அளவும் பொருந்தவில்லை என்றால் சிதைவு வேகத்தை, அதாவது ஆற்றில் பிஓடி தானே குறையும் வேகத்தைத் திருகத் தோன்றும். திருகினால் பொருந்தும், காரணம் தவறாகவே இருக்கும். நாளுக்கு 0.2 முதல் 0.3க்குள் நிறுத்திவிட்டு, ஓடைகளின் வாயிலேயே ஓட்டமும் பிஓடியும் அளந்து பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கையும் ஓடை அளவையும் சேர்த்துக் கூட்டினால் ஒரே கழிவு இரண்டு முறை வரும். அளந்த ஓடைக்கு அளவு, அளக்காத ஓடைக்கு மட்டும் மக்கள்தொகை. பிசானத்தில் பொருத்திய மாடலைக் கோடைத் தரவில் சோதியுங்கள்.

பிறகு ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்: பம்புக்கு ஜெனரேட்டர் வைத்தால், நிலையக் கதவு இரவு ஒன்பது வரை திறந்தால், மே மாதத்தில் 100 கனஅடி கூட்டினால். முடிவை மில்லிகிராமில் சொல்லாமல், குறுக்குத்துறையிலும் வண்ணார்பேட்டையிலும் ஆண்டில் எத்தனை நாள் கோலிஃபார்ம் 2,500ஐத் தாண்டும் என்று குறைந்தபட்ச, அதிகபட்ச எண்ணிக்கையோடு எழுதுங்கள்.