ஆப் ‘தவறு’ என்கிறது, அம்மா பயிற்சியை விட்டுவிட்டார்: பதில்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாவது வாரம், அம்மா காலை நன்றாகத்தான் மடக்குகிறார், ஆனால் கேமரா வழியாகப் பயிற்சியைப் பார்க்கும் போன் ஆப் ஒவ்வொரு முறையும் ‘தவறு’ என்பதால் பயிற்சியையே விட்டுவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது. அவர் புடவையிலா செய்கிறார்? இந்த ஆப்கள் கேமரா படத்தில் இடுப்பு, முழங்கால், கணுக்கால் எங்கே என்று ஊகித்துத்தான் கோணத்தைக் கணக்கிடுகின்றன (கூகுளின் மீடியாபைப் என்ற மென்பொருள் உடல் முழுக்க 33 புள்ளிகளைத் தேடும்), புடவை மூடிய முழங்காலை அது எப்படிச் சரியாகப் பிடிக்கும்? காலின் வடிவம் தெரிகிற பேன்ட் போட்டுவிட்டு, போனை முழங்கால் உயரத்தில் பக்கவாட்டில் வையுங்கள். நேர் எதிரே வைத்தால் மடக்கும் அளவு சரியாகத் தெரியாது.

அப்புறம், ஆப்புக்கு வலி தெரியாது. அது எத்தனை முறை செய்யச் சொன்னாலும் பிசியோ சொன்ன அளவோடு நிறுத்துங்கள். மடக்குவதைப் போலவே முழுதாக நீட்டுவதும் முக்கியம், அதனால் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்க விடாதீர்கள். கெண்டைக்கால் புதிதாக வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறல் வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சரி, இன்றைக்கு ஆப்பின் அந்தக் குரலை மியூட் செய்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே எண்ணுங்கள்.