தம்பியின் கிரெடிட்டுகளை முதலில் எண்ணுங்கள்

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதான்: யாழ்ப்பாணத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்த தம்பியை, வயதைப் பார்த்துப் பதினோராம் வகுப்பில் சேர்த்தார்கள். ஆங்கிலம் பிடிபடவில்லை. பாடசாலையை விட்டு ஒன்றரை வருடமாக உணவகச் சமையலறையில் வேலை செய்கிறான், இப்போது வயது இருபது. பாடசாலைப் படிப்பை முடிக்காதவர்கள் அதற்கு ஈடாக எழுதும் ஜி.ஈ.டி. தேர்வை எழுதினால் போதும் என்கிறார் ஒரு மாமா. அது சரிவருமா?

மாமா சொல்வது பழைய கதை. ஜி.ஈ.டி. கனடாவில் 2024 மே மாதத்தோடு நின்றுவிட்டது. அதன் இடத்துக்கு சி.ஏ.ஈ.சி. என்ற தேர்வு வந்திருக்கிறது: வாசிப்பு, எழுத்து, கணிதம், விஞ்ஞானம், சமூகக் கல்வி என ஐந்து பாடங்கள். நல்ல தேர்வுதான். ஆனால் உங்கள் தம்பி தடுக்கி விழுந்ததே ஆங்கில வாசிப்பிலும் எழுத்திலும். ஆசிரியர் துணையில்லாமல் வீட்டிலிருந்து படித்து அந்த இரண்டையும் தேர்வாக எழுது என்று அவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவன் சோம்பேறி என்று அம்மா சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அதை ஏற்க மாட்டேன். ரொறன்ரோவில் குடியேறிய பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்த பேராசிரியர் ஜிம் கமின்ஸ், பேச்சு ஆங்கிலம் இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடம் படிக்கத் தேவையான ஆங்கிலத்துக்கோ ஐந்து முதல் ஏழு வருடம் பிடிக்கும் என்று 1980களிலேயே காட்டிவிட்டார். பதினேழு வயதில் வந்து இறங்கும் பிள்ளைக்கு அந்த ஐந்து வருடத்தை யார் கொடுத்தார்கள்? 2004இல் ஒன்ராறியோவில் நூற்றுக்கு அறுபத்தெட்டுப் பேர்தான் ஐந்து வருடத்துக்குள் உயர்நிலைப் பாடசாலை டிப்ளோமா முடித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்த நாட்டிலேயே பிறந்தவர்கள். அதற்குப் பிறகுதான், 2006இல், பதினெட்டு வயதுவரை படிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது. இடையில் விட்டவர்கள் திரும்பி வருவது இங்கே புதுமையுமில்லை, வெட்கமுமில்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஒன்ராறியோ டிப்ளோமாவுக்கு முப்பது கிரெடிட் வேண்டும், அதாவது பாடங்களை முடித்தால் கிடைக்கும் அலகுகள். பதினெட்டு வயதைக் கடந்து, பகல் பாடசாலையை விட்டு ஒரு கல்வியாண்டாவது ஆனவரை 'முதிர்ந்த மாணவர்' என்று வகைப்படுத்துவார்கள். உங்கள் தம்பி அதற்குள் வந்துவிடுகிறான். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு மதிப்பீட்டின் வழியாகப் பதினாறு கிரெடிட் வரை கொடுக்கலாம். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வெளிநாட்டுச் சான்றிதழ், வேலைப் பயிற்சி போன்றவற்றை வைத்து இன்னும் பத்து வரை. குறைந்தது நான்கை வகுப்பில் படித்தே எடுக்க வேண்டும். அவனுக்கு நான்குதான் மிஞ்சும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன், ஏழெட்டு ஆகலாம். ஆனாலும் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தால், அந்த நினைப்பை இன்றைக்கே மாற்றுங்கள்.

ஆங்கிலத்துக்கும் வழி இருக்கிறது. கட்டாயமான நான்கு ஆங்கில கிரெடிட்டுகளில் மூன்றுக்கு ஈ.எஸ்.எல். (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும்) பாடங்களையே கணக்கில் எடுப்பார்கள். டிப்ளோமாவுக்கு வேண்டிய எழுத்தறிவுத் தேர்வுக்குப் பதிலாக அதற்கான பாடத்தை நேரடியாகப் படித்து முடிக்க முதிர்ந்த மாணவருக்கு அனுமதி உண்டு. டிப்ளோமாவுக்குக் கேட்கும் நாற்பது மணிநேரச் சமூக சேவையில் அவனுக்கு எவ்வளவு என்பதை அதிபர் முடிவு செய்வார். ஸ்காபரோவில் மிட்லண்ட் அவெனியூவில் கல்விச் சபையின் வளர்ந்தோர் பாடசாலை இருக்கிறது, டான்ஃபோர்த்தில் இன்னொன்று. சுற்றிலும் அவன் வயதுக்காரரும் பிள்ளை பெற்றவர்களும்தான் இருப்பார்கள். பகல் பாடசாலையில் அவனைக் கூனிக்குறுக வைத்த அந்தப் பார்வை அங்கே இல்லை. நிரந்தர வதிவிடம் உள்ளவருக்குக் கட்டணமும் இல்லை. ஆகவே ஒரு கிரெடிட்டுக்கு இவ்வளவு டொலர் என்று விளம்பரம் செய்யும் தனியார் இடங்களுக்குப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

அவனுக்குப் பிடித்தது கைத்தொழில் என்றால் இன்னொரு வழியும் பாருங்கள். பத்தொன்பது வயதானவரை டிப்ளோமா இல்லாமலே முதிர்ந்த விண்ணப்பதாரராகக் கல்லூரிகள் ஏற்கும். கல்லூரிகளிலேயே ஏ.சி.ஈ. என்ற இலவச ஆயத்த வகுப்பும் உண்டு. தொழில் பயிலுநர் பயிற்சிக்கும் அந்தச் சான்றிதழை ஏற்றுக்கொள்வார்கள்.

பரீட்சைத் திணைக்களத்திலிருந்து சாதாரண தரப் பெறுபேற்றின் ஆங்கிலப் பிரதியை ஊரிலுள்ள யாரையாவது கொண்டு எடுப்பியுங்கள். இங்கே அவன் படித்த பாடசாலையில் கிரெடிட் விவரப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். வளர்ந்தோர் பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசகரைச் சந்திக்க அவனோடு நீங்களும் போங்கள். எத்தனை கிரெடிட் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள், தனியாகப் போனால் கூச்சத்தில் அதைக் கேட்காமலே திரும்பிவிடுவான்.