லோக்கல் பிரேக் டிஸ்க்: கேட்டவர்களுக்குப் பதில்

ராமநாதபுரம் கடலோரத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் விலை குறைந்த பிரேக் டிஸ்க் பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. டிஸ்க், அது உட்காரும் சக்கர நடுப்பகுதியான ஹப், பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிபர், இவற்றை அளவெடுப்பது எனக்குப் பழகிய வேலை. மைலேஜ், செயின் சத்தம் எல்லாம் வேறு ஆளிடம் கேளுங்கள். தொடங்கும் முன் ஒன்று: புது டிஸ்க்கை மண்ணெண்ணெயில் துடைக்காதீர்கள்.

உச்சிப்புளி: அண்ணே, ஒரிஜினல் விலையில் பாதிக்கு டிஸ்க் தருகிறார்கள். பார்த்தே நல்லதா கெட்டதா சொல்ல முடியுமா?

பார்த்துக் கழிக்கலாம் தம்பி, பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. குறைந்தபட்சத் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் அங்கேயே வைத்துவிடலாம். துளைகளின் ஓரத்தை விரலால் தடவுங்கள். பிசிறு நகத்தில் சிக்கினால் அது பேடை, அதாவது டிஸ்க்கைப் பிடிக்கும் உராய்வுக் கட்டையை, சீவும். பேட் உரசும் பரப்பில் சாணை பிடித்த கோடுகள் சுற்றிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டிருந்தால் நான் சந்தேகப்படுவேன், ஏனென்றால் பள்ளம் மேடுகளை மறைக்கப் பாலிஷ் நல்ல வழி.

மீதி எல்லாம் கருவி வேலை. டிஸ்க் தட்டையான வகை என்றால் தடித்த கண்ணாடி மேல் வைத்து, சுற்றிலும் 0.10 மில்லி ஃபீலர் கேஜ் (இடைவெளி பார்க்கும் மெல்லிய அளவுத் தகடு) நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் வேண்டாம். அப்புறம் மைக்ரோமீட்டரால் பேட் உரசும் பாதையில் எட்டு இடத்தில் தடிமன் எடுங்கள். புது டிஸ்க் பல வண்டிகளில் 4 மில்லி, சிலவற்றில் 4.5, 5 இருக்கும். மொத்தத் தடிமனை விட, எட்டு அளவுகளுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். 0.02 மில்லிக்கு மேல் போனால் பிரேக் பிடிக்கும்போது லீவர் விரலில் துடிக்கும். கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. கடைசியாக நடுத்துளை. ஹப்பில் இறுக்கமாக உட்கார வேண்டும், லொடலொடவென்று ஆடினால் டிஸ்க் மையம் விலகிச் சுற்றும்.

கடைக்காரர் மைக்ரோமீட்டர் வைக்க விடமாட்டேன் என்றால், ஒத்துவராவிட்டால் திருப்பி எடுப்பாரா என்று கேளுங்கள். அந்தப் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

தொண்டி, மீன் வியாபாரம்: பின்னால் ஐஸ் பெட்டி கட்டி ஓடுகிறேன். பின் டிஸ்க் எது போட்டாலும் சீக்கிரம் போய்விடுகிறது. ஒரிஜினல் போட்டும் அதே கதை.

அண்ணே, உங்கள் டிஸ்க் மேல் குற்றம் இல்லை. பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் உப்பும் மீன் கழிவும் கலந்தது. அது கேலிபருக்குள் போய், கேலிபர் நகர்கிற ஊசிகளை இறுக்கிவிடுகிறது. அப்புறம் நீங்கள் லீவரை விட்டாலும் ஒரு பேட் டிஸ்க்கை விடாது. நாள் முழுக்க உரசி டிஸ்க் சூடாகும், நீலம் பாய்ந்த திட்டு விழும், பதம் (சூடாக்கி ஏற்றிய கெட்டித்தன்மை) இறங்கும். டிஸ்க்கின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள்: ஒரு பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், ஒரு பேட் கரைந்து மற்றது புதுசு போல இருந்தால், நான் சொல்வதுதான் காரணம்.

பெட்டியின் வடிகுழாயைப் பிரேக் இல்லாத பக்கமாகத் திருப்பி, சக்கரத்துக்குப் பின்னால் விழும்படி நீட்டிவிடுங்கள். ராத்திரி வண்டியை நிறுத்தும் முன் கேலிபரில் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். பேட் மாற்றும்போதெல்லாம் ஊசிகளைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும்.

கீழக்கரை: காக்கா, ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விற்ற டிஸ்க்கில் காந்தம் வைத்தேன், ஒட்டிக்கொண்டது. ஏமாற்றிவிட்டார்கள்தானே?

இல்லை. டிஸ்க்குக்குப் போடும் ஸ்டெயின்லெஸ் 410, 420 வகை சார்ந்தது. 12, 13 சதவீதம் குரோமியம் இருக்கும். சூடாக்கிப் பதமேற்றக்கூடிய ரகம், அதில் காந்தம் ஒட்டத்தான் செய்யும். ஒட்டவில்லை என்றால்தான் பயப்பட வேண்டும்.

பரமக்குடி, பாத்திரக்கடை: இது தவறான தகவல். நாங்கள் எவர்சில்வர் வாங்கும்போது காந்தம் வைத்துத்தான் தரம் பார்க்கிறோம். ஒட்டினால் மட்ட ரகம்.

அண்ணாச்சி, உங்கள் 304 பாத்திரத்தில் நிக்கல் இருக்கிறது, அதனால் காந்தம் ஒட்டாது. ஆனால் அதைவிட விலை குறைந்த 202 தகட்டிலும் ஒட்டாது. ஆக, கடையிலேயே காந்தம் தரத்தைச் சொல்வதில்லை. இன்னொன்று: கடையில் விற்கும் காய் நறுக்கும் எவர்சில்வர் கத்தியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். 304ஐச் சூடாக்கி எண்ணெயில் முக்கினாலும் கெட்டியாகாது, அதில் டிஸ்க் செய்தால் பேட் அதைச் சீக்கிரம் தின்றுவிடும்.

பரமக்குடி, பாத்திரக்கடை: கத்தியில் ஒட்டுகிறது. சரி, அப்படியானால் ஒட்டினால் நல்ல டிஸ்க் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அதுவும் கூடாது! வெறும் இரும்பிலும் காந்தம் ஒட்டும். தகட்டை வெட்டி மேலே முலாம் பூசிய டிஸ்க்கிலும் ஒட்டும். தப்பான ஒரு ரகத்தைக் கழிக்க உதவும், அதோடு காந்தத்தின் வேலை முடிந்தது.

ராமநாதபுரம், லேத் பட்டறை: காந்தத்தை விடுங்கள். அரத்தால் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்தால் பதம் தெரிந்துவிடாதா?

வாங்க, இந்தக் கேள்வி பிடித்திருக்கிறது. ஆனால் நல்ல டிஸ்க்கின் கெட்டித்தன்மை ராக்வெல் சி அளவில் ஏறக்குறைய 32 முதல் 38 வரைதான். உங்கள் அரம் 60ஐத் தாண்டியது. பதமேற்றிய டிஸ்க், பதமேற்றாத டிஸ்க் இரண்டையும் அது கடிக்கும். தனியாக ஒரு டிஸ்க்கில் இழுத்தால் ஒன்றும் தெரியாது. பழைய ஒரிஜினல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டின் வெளி ஓரத்திலும் ஒரே அரத்தால் ஒரே அழுத்தத்தில் இழுத்துப் பாருங்கள். லோக்கல் டிஸ்க்கில் வெண்ணெய் மாதிரி இறங்கினால் பதமேற்றவில்லை என்று அர்த்தம். பேட் உரசும் பரப்பில் மட்டும் அரத்தை வைத்துவிடாதீர்கள்.

மண்டபம்: மயில்துத்த (காப்பர் சல்பேட்) கரைசல் ஒரு சொட்டு விட்டால் இரும்பு செம்பு நிறமாகும், ஸ்டெயின்லெஸ் ஆகாது என்று கல்லூரியில் படித்தோமே?

படித்தது சரி. ஆனால் குரோமியம் குறைவான இந்த ரகத்தில் நல்ல டிஸ்க்கும் சிவந்து காட்டலாம். நிரபராதியைத் தண்டித்துவிடுவீர்கள். கடலை வைத்துக்கொண்டு மயில்துத்தம் எதற்கு? வாங்கிய டிஸ்க்கை மாட்டும் முன் எண்ணெய் போகத் துடைத்து, துளைகளின் உள்விளிம்பில் கடல் தண்ணீர் தொட்டு ஒரு ராத்திரி மொட்டை மாடியில் வையுங்கள். அங்கங்கே பழுப்புப் புள்ளி வந்தால் கவலை இல்லை, நம் காற்றுக்கு ஒரிஜினலிலும் வரும். விளிம்பு முழுக்கச் செந்துரு பூத்து விரலில் பொடியாக ஒட்டினால் அது ஸ்டெயின்லெஸ்ஸே இல்லை. முலாம் பூசியிருந்தாலும் துளையின் உள்விளிம்பில் பெரும்பாலும் மெலிந்துதான் இருக்கும், அதனால்தான் அங்கே தொடச் சொல்கிறேன்.

மண்டபம், ஆசிரியை: புது டிஸ்க் போட்டு ஒரு வாரத்தில் லீவர் துடிக்கிறது. டிஸ்க் கோணல் என்கிறார் மெக்கானிக். கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.

தங்கச்சி, இரண்டு பேர் சொல்வதையும் நம்ப வேண்டாம். உப்புக்காற்றில் அலாய் சக்கரத்தில் டிஸ்க் உட்காரும் இடம் அரித்து, வெள்ளைப் பொடி பூக்கும். அதைச் சுரண்டாமல் மேலே டிஸ்க்கை இறுக்கினால் நேரான டிஸ்க்கும் கோணலாகத்தான் சுற்றும். ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்து, சக்கரத்தில் எந்த இடத்தில் அதிகம் ஆடுகிறது என்று சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு டிஸ்க்கைக் கழற்றி ஒரு போல்ட் துளை தள்ளி மாட்டி மறுபடி பார்க்கட்டும். ஆட்டம் டிஸ்க்கோடு நகர்ந்தால் டிஸ்க் கோணல், கடைக்காரரிடம் சண்டை போடலாம். சக்கரத்தில் அதே இடத்தில் நின்றால் ஹப் முகத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். எத்தனை ஆட்டம் வரை பொறுக்கலாம் என்பது வண்டி மேனுவலில் இருக்கும், பெரும்பாலும் 0.10 முதல் 0.30 மில்லிக்குள்.

ராமேஸ்வரம்: புது டிஸ்க் போட்டதிலிருந்து லீவர் துடிக்கிறது...

ஆசிரியைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஏர்வாடி: தேய்ந்த டிஸ்க்கை லேத்தில் பேசிங் பண்ணி, அதாவது முகத்தைச் சீவிச் சமமாக்கி, போடலாமா?

வேண்டாம். மெல்லிய தகடு, இறுக்கும்போது வளையும், விட்டதும் பழையபடி நிமிரும். அப்போது வெட்டிய முகம் கோணலாகிவிடும். அதோடு தடிமன் குறைந்தபட்சத்துக்குக் கீழே போய்விடும். தேய்ந்த டிஸ்க்கை வெர்னியரால் அளக்கவும் கூடாது: வெளி ஓரத்தில் தேயாத வரம்பு நிற்கும், வெர்னியர் அதன் மேல் உட்கார்ந்து தடிமனைக் கூட்டிக் காட்டும்.

தேவிபட்டினம்: டிவிஎஸ் எக்ஸெல் ஹெவி டூட்டிக்கு நல்ல லோக்கல் டிஸ்க் எது?

அதில் டிரம் பிரேக்.

பாம்பன்: புது டிஸ்க்கில் இருந்த எண்ணெயை மண்ணெண்ணெய் போட்டுச் சுத்தமாகத் துடைத்துவிட்டேன். இப்போது பிரேக்கே பிடிக்கவில்லை.

முதல் பத்தியிலேயே சொன்னேன். மண்ணெண்ணெய் காய்ந்த பிறகும் எண்ணெய்ப் படலம் விட்டுப் போகும், பேட் அதை உறிஞ்சிக்கொள்ளும். இனி பேட் மாற்றித்தான் ஆக வேண்டும். டிஸ்க்கைப் பிரேக் கிளீனராலோ ஐசோபுரோபைல் ஆல்கஹாலாலோ துடையுங்கள். இரண்டும் இல்லையென்றால் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் சுடுதண்ணீரும் போதும். டீசலும் கூடாது. கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், பெட்ரோலும் கூடாது.

முதுகுளத்தூர்: ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டிக்கு லோக்கல் டிஸ்க் போடலாமா?

ஒரிஜினல் போடுங்கள். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டி எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம், அதனால் இந்தக் கேள்வி இனி நிறைய வரும். சக்கரத்தோடு சுற்றும் பல் வளையத்தை வைத்துத்தான் சென்சார் வேகத்தை எண்ணுகிறது. பல வண்டிகளில் அந்த வளையம் டிஸ்க்கை ஒட்டியே இருக்கும். இடைவெளி கொஞ்சம் மாறினாலும் கணக்குத் தப்பும்.

சாயல்குடி: காந்தம் ஒட்டினால்...

மேலே போய்ப் பாருங்கள் ஐயா.

பரமக்குடி, பாத்திரக்கடை: என் வண்டிக்கே ஒரு லோக்கல் டிஸ்க் வாங்கிவிட்டேன். மைக்ரோமீட்டரில் 0.01தான் வித்தியாசம். பழைய பேடே நன்றாக இருக்கிறது, அதையே போடவா?

நல்ல டிஸ்க் பிடித்திருக்கிறீர்கள் அண்ணாச்சி. பழைய பேட் வேண்டாம், அது பழைய டிஸ்க்கின் வரிப் பள்ளத்துக்குப் பழகியது, புதியதில் முழுப் பரப்பும் தொடாது. உங்கள் வண்டிக்கு ஆர்கானிக் பேட் வந்திருந்தால் அதையே வாங்குங்கள். உலோகத்தூள் அழுத்திச் செய்த சின்டர்டு பேட் பதம் குறைந்த டிஸ்க்கைச் சீக்கிரம் தேய்க்கும். மாட்டியதும் ஆளில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10க்கு, மிதமாகப் பிடித்து இருபது தடவை குறையுங்கள். முழுக்க நிறுத்திப் பிடித்துக்கொண்டே நிற்கக் கூடாது. இதைத் தனுஷ்கோடிப் பக்கம் செய்யாதீர்கள், சாலையில் மணல் ஏறிக் கிடக்கும், புது டிஸ்க்கில் முதல் நாளே கீறல் விழும். பரமக்குடி பைபாஸில் காலை ஆறு மணிக்குப் போய் வாருங்கள்.